ஹெட்போனில் கேட்டது

உத்திரமேரூர்
3-2-2025

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் பர்சானாவும் நலம். போனில் இதைக் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பாடகர் ஹர்விந்தரின் பேட்டியைப் பார்த்தோம். மனைவி குர்னூரின் கையை அவர் உடைக்கவில்லையாம். ஸ்டுடியோ படிக்கட்டில் அவளே விழுந்தாளாம். "சவுண்ட் என்ஜினியர் உபைதுல்லா அங்கேதான் இருந்தார்" என்றார். பக்கத்தில் நின்ற நீங்கள் தலையாட்டினீர்கள். கீழே ஓடிய இங்கிலீஷைப் படித்துச் சொன்னதே பர்சானாதான். "அத்தா நெஜம் சொல்றாராம்மா?" என்கிறாள் உங்கள் மகள்.

இன்னா சொல்லட்டும்?

தாஜுன்னிசா

மொகாலி
11-2-2025

அன்புள்ள தாஜுக்கு,

அவர்கள் காதலித்ததும் ஊரறிய, அடித்துக்கொள்வதும் ஊரறிய. நாலு முறை பிரிந்து நாலு முறை சேர்ந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு வந்தது. பஞ்சாபே கேட்டு அழுதது. நாளை மறுபடி சேர்ந்துவிட்டால் நடுவில் நான்தான் கெட்டவன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அவள் கையை முறுக்கினார். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியது என் ஹெட்போனில் கேட்டது. பதிவு என்னிடம் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

உபைதுல்லா

சாலவாக்கம்
19-2-2025

மச்சானுக்கு,

சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். போன ரம்ஜானுக்கு வந்தபோது என்னை அறைந்தீர்கள். "இன்னா தாஜு, கன்னம் வீங்கிக்கீது?" என்று அண்ணன் கேட்டார். "கதவுல இடிச்சிக்கினேன்" என்றேன். அன்றும் நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள்.

நேற்று அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பர்சானாவோடு அவர் வீட்டில்தான் இருக்கிறேன். அங்கே ஒரு பெண் பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அதை நிறுத்த உங்களால் முடியும்.

தாஜுன்னிசா

மொகாலி
4-3-2025

தாஜு,

பதிவைப் போலீசில் கொடுத்துவிட்டேன். பார்த்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விட்டது. குர்னூர் நன்றி சொல்லவில்லை. "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். உன்னை அறைந்ததற்கு என்னிடம் காரணம் இல்லை.

உன் அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். வரலாமா?

உபைதுல்லா

சாலவாக்கம்
12-3-2025

பர்சானாவின் அத்தாவுக்கு,

வாருங்கள். நோன்பு திறப்பதற்குள் வந்தால் கஞ்சி இருக்கும். பர்சானாவிடம் எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள், என்னை அறைந்ததையும் சேர்த்து. பிறகு கடைசி பஸ்ஸில் உத்திரமேரூர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

நான் அங்கே வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

தாஜுன்னிசா