பத்தடிக்கு மேல் எறிந்த பந்து

புத்தகப் பையைத் திறந்தால் முதலில் அந்த வாடைதான் வருகிறது. புளித்துப்போன ஒட்டுப்பால் வாடை. இறப்பர் மரத்துச் சிரட்டையின் ஓரங்களில் காய்ந்து கிடந்ததை நாம் இருவரும் உரித்து உரித்துச் சுற்றிய பந்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பழைய சட்டைத் துணியில் பொதிந்து வைத்தும் வாடை அடங்கவில்லை. "என்னா புள்ள நாறுது?" என்று நேற்று அம்மா கேட்டார். செத்த எலியாக இருக்கும் என்றேன். அம்மாவும் அப்பாவும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். முடித்ததும் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். நீ ஒருத்தி அறிந்தால் போதும். உனக்கோ இது ஏற்கெனவே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு வலைப்பந்து பழக்கிய விதம் நினைவிருக்கிறதா? ஒரே பந்து, முப்பது பேர், ஒரு நீள வரிசை. நம் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். பிறகு நன்றாக விளையாடும் பிள்ளைகளை மட்டும் இறக்கிவிட்டு, மற்றவர்களை மைதானக் கரையில் உட்காரச் சொல்வார்கள். ஒருநாள் நீ புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாய்: "பந்தையே தொடாம எப்புடி புள்ள பந்து வெளாட வரும்?"

சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு நீ தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாய். நான் உயர்தரம் படிக்கப் போனேன். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த அலுப்போடு நீ நம் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளைக் கூட்டினாய். வாசலில் கம்பால் கோடு கிழித்தாய். அடி கழன்ற கூடையைக் கொய்யா மரத்தில் கட்டினாய். மூன்று பேருக்கு மூன்று பேர். ஏழாவதாகக் கஸ்தூரி வந்தாள். அவளுக்கு ஏழு வயதுதான். பெரிய பிள்ளைகள் அவளை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நீ விடவில்லை.

"ஓரத்துல யாரும் நிக்கிறதில்ல. பந்து எந்தப் பக்கமோ, கஸ்தூரி அந்தப் பக்கம்."

இரண்டு பக்கத்துக்கும் ஆடியதால் எல்லாரையும்விட அவள் கைக்குத்தான் பந்து அதிகம் வந்தது. இரண்டே மாதத்தில் ஒற்றைக் கையால் பிடித்தாள். அந்த ஆறு பேரில் ரோட்டுக் கடைக்காரர் மகள் நெத்மியும் ஒருத்தி. "மட தென்ன!" என்று அவள் கத்தக் கத்த, எல்லாப் பிள்ளைகளும் 'எனக்குக் கொடு' என்பதைச் சிங்களத்திலேயே கத்தப் பழகிவிட்டார்கள்.

பந்தை மூன்று எண்ணுவதற்குள் கைமாற்ற வேண்டும். பத்தடிக்கு மேல் எறியக் கூடாது. "தூரமா வீசுறது லேசு. கிட்டக்க நிக்கிறவள பாக்குறதுதான் கஷ்டம்" என்பாய். வாசலுக்குக் கீழே தண்ணீர்க் கான் ஓடுகிறது, அதற்கு அப்பால் தேயிலை. பந்து அங்கே போனால் எறிந்தவள்தான் இறங்கி எடுக்க வேண்டும், சின்னவர்கள் இறங்கவே கூடாது.

கடைசியில் குளவி ஆட்டம். மலையில் குளவி கொட்டுவது நம் தோட்டத்தில் புதிதில்லை. அந்தப் பயத்தையே நீ ஓட்டப் பந்தயமாக்கியிருந்தாய். நீ "குளவி!" என்று கத்தினால் எல்லாரும் எங்கள் வீட்டுக் காம்பராவுக்குள் ஓட வேண்டும். கடைசியில் வருபவர் கதவைச் சாத்த வேண்டும். வெளியே நிற்பவர் அவுட்.

அன்று நான் ஏன் அப்படி எறிந்தேன்? மறுநாள் பள்ளிக்கூட அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. என் கை எவ்வளவு தூரம் வீசும் என்று பார்க்க ஆசை வந்தது. நெத்மி பக்கத்திலேயே நின்று "மட தென்ன!" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பந்து கானைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது.

"போ, எறிஞ்சவதான் எடுக்கணும்" என்றாய்.

"அட்டை கடிக்கும். நான் போகல."

"அடேயப்பா! பள்ளிக்கூடத்து தொரசாணிக்கு அட்டைன்னா பயமாம்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே இறங்கினாய். பந்தைக் கண்டுபிடித்து மேலே வீசினாய். அது என் காலடியில் வந்து விழுந்தது. அதன் பிறகுதான் உன் குரல் கேட்டது.

"குளவி! குளவி! ஓடுங்க!"

ஆட்டம் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பந்தை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். உனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். நீ படி வரைக்கும் வந்தாய். உன் முகம் தெரியவில்லை, கறுப்பாக மொய்த்திருந்தது. நீ உள்ளே வரவில்லை. வெளியே நின்றபடியே கதவை இழுத்துச் சாத்தினாய்.

"அக்கா அவுட்டு!" என்று கஸ்தூரி கை தட்டினாள்.

நான் கதவைத் திறக்கவில்லை. உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெரணியகலை டவுன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். பிள்ளைகள் யாருக்கும் ஒரு கொட்டுக்கூட இல்லை.

தோட்டத்தில் இப்போது என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "கொமரிப் புள்ளைக்கு ஆட்டம் என்னாத்துக்கு? ஆடித்தானே செத்துச்சு." கங்காணி மாமா கூடையை அறுத்து எறிந்துவிட்டார். "இனி ஒன் கையில பந்தக் கண்டேன், பள்ளிக்கூடத்த மறந்துரு" என்கிறார் அப்பா. உன் ஆட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. அதன் விதியை மீறியது நான். இதை ஒருமுறை சொன்னால் உன் மேல் உள்ள பழி போகும். பிள்ளைகளுக்குக் கூடையை மறுபடி கட்டித்தரச் சொல்லிக் கேட்கவும் முடியும். வாய்வரைக்கும் வருகிறது, அதற்குமேல் வருவதில்லை.

இன்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது உன் அம்மா கேட்டார்: "அன்னைக்கி பந்த எறிஞ்சது யாரு புள்ள?"

"தெரியல அத்த. எல்லாருந்தான் எறிஞ்சாங்க."

பக்கத்தில் கஸ்தூரி குடத்தோடு நின்றாள். என்னையே பார்த்தாள்.

சாயங்காலம் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். "அக்கா, ஆறு பேரு இருக்காங்க. என்னோட ஏழு. பந்து ஒங்ககிட்டதானே இருக்கு?"

"இல்ல. போ."

அவள் போகவில்லை. நீ பழக்கிய மாதிரியே இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே நீட்டி எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு... ரெண்டு..."

நான் கதவைச் சாத்தினேன். அதே கதவு.

பந்து இப்போது என் மடியில் இருக்கிறது. குடமானாலும் பேனாவானாலும், எதைக் கையில் எடுத்தாலும் உள்ளுக்குள் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது, போகவில்லை. உன் அம்மாவின் வீடு இங்கிருந்து நான்காவது கதவு. ஒன்று. இரண்டு. அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.