பிரிக்காத பாக்கெட்

ஜூன் 4

மாமாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

என் வயிற்றுக் கோளாறுக்கு டாக்டர் சொன்ன லோ ஃபாட்மேப் உணவுமுறையில் அது ஐந்தாவது வாரம். கோதுமை, வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் ஒதுக்கி, வயிறு அப்போதுதான் அடங்கியிருந்தது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும்போது அந்தப் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "நேரமாச்சு மாமா, கோதுமை போட்டிருக்கான்னு பாருங்க" என்றேன். "இல்லம்மா, தைரியமா சாப்பிடு" என்றீர்கள். முழுக்கக் கோதுமை. தேர்வறையிலிருந்து மூன்று முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வேலை கைநழுவிப் போயிற்று.

"கோதுமை ஒத்துக்காத வயிறும் ஒரு வயிறா?" என்று சிரித்தவர் நீங்கள். என்னைச் சோதித்துப் பார்த்தீர்களா? மறுநாளே மகள் வீட்டுக்குக் கிளம்பியும் போய்விட்டீர்கள். பதில் வேண்டும்.

மருமகள்

ஜூன் 11

கண்ணான மருமகளுக்கு,

உன் கடிதம் நான்கு நாள் தலையணைக்கு அடியில் கிடந்தது. மகளிடம் கொடுக்கக் கூச்சம். இன்று கீழ்வீட்டுத் தையல்காரர் படித்துக் காட்டினார். நான் சொல்லச் சொல்ல இதையும் அவர்தான் எழுதுகிறார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதம்மா. என் மகளுக்குக்கூட இது தெரியாது.

தினமும் காலையில் செய்தித்தாளை விரித்து உனக்குச் சேதி சொன்னேனே, அதெல்லாம் ரேடியோவில் கேட்டது. உன் வீட்டுக்காரனிடம், "என் மானத்த வாங்கிடாதடா" என்று கெஞ்சி வைத்திருந்தேன். அவனைத் திட்டாதே.

அன்று செவ்வாய்க்கிழமை. எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நீலப் பாக்கெட். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒன்பது வரி. படிப்பதுபோல உதட்டை அசைத்தேன். முப்பத்தெட்டு வருடம் பேக்கரியில் மாவு பிசைந்தவன் நான். பிரித்து ஒன்றைக் கடித்திருந்தால் நாக்கே சொல்லியிருக்கும். "எழுதியிருக்கே மாமா, எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்று நீ கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் பிரிக்கவில்லை.

சிரித்தது உண்மை. அது என் வாய்க்கொழுப்பு. உன்னைச் சோதிக்கவில்லை. நீ வெளிறிப்போய் வந்து படுத்தபோதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதுதான் தூங்கவிடாமல் அறுக்கிறது. உன் முகத்தில் விழிக்கக் கூசித்தான் ஓடிவந்தேன்.

"போதும் பெரியவரே, காகிதம் நனையுது" என்கிறார் தையல்காரர். அதையும் எழுதிவிட்டார், பாவி.

இப்படிக்கு,
மாமா (இடது கைப் பெருவிரல் ரேகை)

ஜூன் 17

அன்புள்ள மாமா,

அந்த ரேகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வேண்டுமென்றே கொடுத்ததாக உங்கள் மகளிடமும் என் அம்மாவிடமும் வாய்கூசாமல் சொல்லியிருந்தேன். நான் சொன்னது தப்பு என்று இருவரிடமும் நேற்றே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். அதை நான் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது மாமா. ஆனால் இதைத் தையல்காரர்தானே படிப்பார்? தையல்கார அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மற்றதை உங்கள் குரலில் மாமா கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வருகிறேன்.

மருமகள்