எதிர்ச் சாரியில் ஷிஃபா

மே மாதம், ஞாயிறு இரவு

ஏழாவது முடித்த என் மகள் ஷிஃபா, காய்ந்த பூக்களை அட்டையில் ஒட்டி புக்மார்க் செய்து, லீவு முழுக்க எங்கள் கடை வாசலில் விற்கிறாள். இன்று ஒரு டூரிஸ்ட் அம்மா எங்கள் ‘ஹோம்மேட்’ சாக்லேட்டைக் காட்டி, “வீட்லயே செய்யுறதா?” என்று அவளிடம் கேட்டார்.

“இல்லீங்க, வத்தலக்குண்டுல இருந்து பெட்டியா வருது. இந்த புக்மார்க்தான் நானே செஞ்சது.”

அவர் புக்மார்க் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“ஏண்டி, நம்ம யாவாரத்தையே கெடுக்குறியா?” என்று கத்திவிட்டேன்.

“அவங்க கேட்டாங்கம்மா.”

அழவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளை அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், “யாராச்சும் கேட்டா என்னம்மா சொல்லட்டும்?” என்பாள்.