குனியாத மருமகன்

மட்சுமோட்டோ,
3 அக்டோபர் 2018

கென்சாகு அவர்களுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. விவாகரத்துப் படிவத்தை மூன்றாம் முறையாக அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இடத்தில் உங்கள் முத்திரையைக் குத்த இத்தனை நாளா?

என் அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் கடைசி மரியாதையாக ஊரே இடுப்பு மடியக் குனிந்தது. மருமகன் நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். "பாருக்கா உன் வீட்டுக்காரர, பஸ் டிரைவருக்குத் தலையாட்டுற மாதிரி ஆட்டிட்டுப் போறாரு" என்று என் தம்பி கட்சுமி எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். எனக்கு மானம் போயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, "உங்கப்பாவுக்கு அது போதும்" என்றீர்கள். இரண்டு வருடமாக அந்தச் சொல் நெஞ்சில் கிடக்கிறது.

குத்தி அனுப்புங்கள்.

சயோகோ

உவேதா,
11 அக்டோபர்

சயோகோ,

குத்த மாட்டேன். கட்சுமி சொல்லச் சொல்ல எழுதினாயா?

அவசரமென்றால் கொஞ்சம் பொறு, விதவையாகவே ஆகிவிடலாம். நகரசபை உடற்பரிசோதனைக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்து கையால் பலகையைத் தள்ள வேண்டுமாம். நர்ஸ் அதட்டினாள்: "ஐயா, முட்டிய மடக்கி ஏமாத்தாதீங்க!" எண்பது வயதுக் கிழவி என்னைவிட ஒரு சாண் கூடுதலாகத் தள்ளினாள்.

"நாப்பது தாண்டினவங்களுக்கு உடம்பு வளையலன்னா ரத்தக் குழாயும் வெறச்சிருக்கலாம். நிச்சயம்னு இல்ல, பாத்துடுவோம்" என்று கையிலும் காலிலும் பட்டை கட்டி அளந்தார்கள். அறுபத்தொரு வயதுக்காரனுக்கு எழுபத்தைந்து வயதுக் குழாயாம். மாத்திரை கொடுத்தார்கள். நான் தொடவில்லை. நாலு வருடமாகப் படுத்துக்கொண்டுதான் சாக்ஸ் போடுகிறேன், முன்பெல்லாம் நீ கடைக்குப் போன நேரம் பார்த்து. செத்தா போனேன்?

கென்சாகு

மட்சுமோட்டோ,
15 அக்டோபர்

நாலு வருடமா? அப்படியானால் அப்பா சாவின்போதே உங்களுக்கு இடுப்பு மடியாதா? ஆமாம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சயோகோ

உவேதா,
19 அக்டோபர்

ஆமாம்.

குனிந்திருந்தால் பெட்டி மேலேயே விழுந்திருப்பேன். உன் தம்பி முன்னால் கிழவனாக நிற்பதைவிடத் திமிர் பிடித்தவனாக நிற்பது மேல் என்று பட்டது. உன்னிடமும் அதே வீம்புதான். உன் அப்பாவை எனக்குப் பிடிக்கும். அதையும் நான் சொன்னதில்லை.

கென்சாகு

மட்சுமோட்டோ,
24 அக்டோபர்

கென்சாகு அவர்களுக்கு,

இரண்டு வருடமாக ஒரு முதுகை வெறுத்திருக்கிறேன். இனி உங்கள் வாயை வெறுக்க வேண்டும், அது எனக்குச் சுலபம். "முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வீட்டை விட்டே வந்திருக்க மாட்டேன். படுபாவி மனுஷன்.

முதலில் மாத்திரையை விழுங்குங்கள். என்னை விதவையாக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

நவம்பர் ஒன்பது அப்பாவின் நினைவுநாள். வாருங்கள். படிவத்தையும் முத்திரையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், என் கோபம் தீரவில்லை. அப்பா படத்தின் முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு குனியுங்கள். பின்னாலிருந்து உங்கள் பெல்ட்டை நான் பிடித்துக்கொள்கிறேன். கட்சுமி பார்க்கட்டும்.

சயோகோ