அத்தையிடம் நான் கேட்ட கேள்வி

அன்பு மகள் அபிநயாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, மும்பை மழையில் நனையாமல், சௌக்கியமாக இருக்கக் காமாட்சியம்மன் துணையிருக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஒழுகிக்கொண்டிருந்த மாடித் தொட்டியைச் சரிசெய்தாயிற்று, உன் தம்பி விக்னேஷுக்கு ஒரகடம் கம்பெனியில் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது, வீட்டில் அவன் முகத்தைப் பார்க்க முடிகிறது. நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்காததில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது, வேண்டுமானால் கிழித்துப் போடலாம்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், நீ போனில் கேட்டது பாதிதான். உன் திரைக்கதையை அனுப்பியபோது, தறி வேலையிலும் கருடசேவையிலும் தகவல் பிழை இருந்தால் மட்டும் சொல்லு என்றாய். பெருமாள் புறப்பாட்டைச் சாயங்காலத்தில் வைத்திருந்தாய், அது அதிகாலை என்று குறித்துவிட்டு நான் நின்றிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு பெண் கருடசேவைக் கூட்டத்தில் நழுவி பஸ் ஏறிப் போகிறாள், மறுநாள் விடியும்போது திரும்பி வருகிறாள், வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் அது என் தங்கை, உன் மஹாலட்சுமி அத்தை என்று தெரிந்துவிட்டது. அம்மா எப்போதோ உனக்குச் சொல்லியிருக்கிறாள். அத்தை போனதும் உண்மை, திரும்பியதும் உண்மை, எங்கே போனாள் என்பது மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது. நீ அவளைத் தென்னேரி ஏரிக்கரையில் உட்காரவைத்து, எருமை மேய்க்கும் ஒரு பெண்ணோடு பேசவிட்டிருந்தாய். ஆயுள் முழுக்க நிருபராக இருந்தவனுக்கு ஒரு பழக்கம், ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் தரப்பைக் கேட்காமல் செய்தியை அனுப்பக் கூடாது. அந்தப் பழக்கம்தான் என்னை அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது. உனக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு போனேன்.

அவளும் கலியாணசுந்தரம் மாமாவும் தறியில் இருந்தார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலை, ஒரு ஆளால் ஆகாது, மாமா நெய்ய அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மறு கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுகிறாள். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று நம்பித்தான் கேட்டேன். நான் வாயைத் திறந்த நேரம், அறுந்த இழையை முடிபோட மாமா தறியை நிறுத்தினார். "அபி ஒரு கதை எழுதிக்கினு இருக்குறா, கல்யாணத்துக்கு முந்தின நாளு நீ போனியே, தென்னேரிக்கா போன?" என்று நான் கேட்டது அந்த அமைதியில் முழுசாக விழுந்தது. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னாணா, பேப்பர்ல போடப் போறியா?" என்றாள். சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமா இழையை முடிபோட்டபடியே, "காபி குடிச்சிட்டுப் போங்க மச்சான்" என்றார், கொண்டுவரத்தான் ஆளில்லை. நின்ற தறி அன்றைக்கு மறுபடி ஓடவில்லை. "ஊர் வூட்டையெல்லாம் கிளறினது போதாதா, இப்ப தங்கச்சி வூட்டுக்கே போயிட்டியா?" என்று அம்மா கேட்டாள். உனக்குச் சொன்னபோது நீ, "அது அத்தையப் பத்தின கதையே இல்லப்பா. போய்க் கேட்டு நீதான் அவங்களப் பத்தினதா ஆக்கிட்ட" என்றாய். தயாரிப்பாளரிடம் கதையைத் திருப்பிக் கேட்கப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. லோக்கல் ரயிலில் நின்றபடி காட்சிகளைப் போனில் முணுமுணுத்துப் பதிவு செய்வாய் என்றும், முதலில் வசனமே இல்லாமல் முழுக் கதையையும் எழுதி, பேசியே தீர வேண்டிய இடத்தில் மட்டும் ஆட்களை வாய் திறக்க விடுவாய் என்றும் சொல்லியிருக்கிறாய். யாரோ ஒருவருடைய தொடருக்கு எழுதும் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்து பெயர் வராமல் போனபோது, ஒரு படத்திலாவது 'எழுத்து: அபிநயா' என்று தனியாக வரணும்பா என்றாய். பள்ளி லீவில் உன்னை நகராட்சிக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவேன். பேசுகிறவர்கள் சொல்வதை நான் எழுதிக்கொண்டிருப்பேன், நீ வாயே திறக்காத ஒரு கவுன்சிலர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் ஏன் வளையலைக் கழற்றிக் கழற்றிப் போட்டார் என்று வழியில் கேட்பாய். நான் அந்த அம்மா பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். கதை எழுதும் ஆசை அங்கேதான் வந்தது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அப்படிக் கேட்ட என் பெண் எழுதியதைத்தான் நான் உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப் போனேன். உன்னிடம் ஒரு தப்பு, அத்தையிடம் அதைவிடப் பெரிய தப்பு. அத்தனை வருஷம் அவள் தனக்கென்று வைத்திருந்த ஒன்றை அவள் புருஷன் எதிரில் இழுத்துப் போட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அத்தை வந்தாள். உட்காருவதற்கு முன்பே, "அவரு கேட்டாரு, சொல்லிட்டேன்" என்றாள். "இம்மாம் வருஷம் பக்கத்துலயே உக்காந்துக்கினு கேக்காத மனுசன். ரெண்டு வேளை சோறு வேணான்னுட்டாரு. அப்புறம், வந்து தறியில உக்காருன்னாரு." எங்கே போனாய் என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்து, "நீ கேக்காதணா" என்றாள். கேட்கவில்லை. அபி எழுதினதைப் படித்துக் காட்டு என்றாள். ஏரிக்கரைக் காட்சியிலிருந்து அந்தப் பெண் வீடு திரும்பி வாசலில் செருப்பை விடுவதுவரை படித்தேன். அம்மாவும் கூட உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் அத்தை, "இது நான் இல்லணா, நான் அந்தப் பக்கமே போவல" என்றாள். பிறகு, "ஆனா அந்தப் பொண்ணு எனக்குப் புடிச்சிருக்குது. அவளத் திரும்பி வர வுடாதன்னு அபிகிட்ட சொல்லு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு ஆகவில்லை என்று உடனே கிளம்பிவிட்டாள். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மறுநாள் அவர்கள் தெரு வழியாகப் போனேன், தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போகும் தைரியம் எனக்கு இல்லை.

அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன். கதையைத் திருப்பி வாங்காதே அம்மா. முடிவை மாற்றுவதும் அப்படியே வைப்பதும் உன் பொறுப்பு, நீ கேட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். ஏகாம்பரநாதர் அருளால் நீ நினைத்தது நடக்கட்டும், உன் பெயர் தனியாகத் திரையில் வரட்டும், நீண்ட ஆயுளோடு இரு. மறந்துவிடாதே, அத்தைக்கு நீயே ஒரு போன் செய். என்ன பேசினீர்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
சிவபாலன்
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்