அம்மா சொல்லாத மூன்று கடிதங்கள்

பதுளை
1921 கார்த்திகை 12

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை பரிமளம் நமஸ்காரம். இதை உங்கள் அறையில் இருப்பவர்களுக்குக்கூடக் காட்டாதீர்கள், படித்ததும் எரித்துவிடுங்கள். யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் நம் வழக்கம், இன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி ரங்கூனுக்கு அனுப்புவேன் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியாக வந்த மூன்றும் அவள் சொன்னவை அல்ல அண்ணா. வைரவநாதா, எண்ணெய் தேய்த்துக் குளி, மழையில் நனையாதே என்றதெல்லாம் அவள் முன்பு சொன்னதை நினைவில் வைத்து நானே எழுதியது. அவளுக்கு நாக்கின் ஓரத்தில் புண், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் வெட்டி எடுத்த புற்றுதான் திரும்பிவிட்டதோ என்று பயந்து ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண்களைப் பார்க்கும் அறை என்று அப்பா வெளியே வராந்தாவில் நின்றுகொண்டார், டாக்டரின் இங்கிலீஷை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். பழையது திரும்பவில்லையாம், அந்தத் தழும்பு சுத்தமாக இருக்கிறதாம். இது அதன் கிளை இல்லை, நாக்கிலேயே புதிதாகப் பிறந்த வேறொரு புற்று, ஒரே உடம்பில் இப்படித் தனித்தனியாக இரண்டு வருவது அபூர்வம் என்றார். பழையது பரவியிருந்தால் கத்தியை எடுக்கவே மாட்டாராம், இது தனி என்பதால் தை பிறக்குமுன் கொழும்பில் வெட்டினால் பிழைக்க வழியுண்டு, ஆனால் பாதி நாக்குப் போகும், பேச்சுத் தெளியாது என்றார். அம்மா சிரித்தாள் அண்ணா. “ஒருத்தி ஒழிஞ்சான்னு பாத்தா, சொல்லாமக் கொள்ளாம இன்னொருத்தி குடிவந்துட்டாளா? பாதி நாக்க வச்சிக்கிட்டு ஒங்கப்பாவ எப்புடிடி ஏசுறது?” என்றாள். வாசலுக்கு வருமுன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, “சித்திரைல அவன் வந்து எறங்குறப்ப வைரவான்னு வாய் நெறயக் கூப்புடணும். அதுக்கப்புறம் வெட்டட்டும். அப்பாகிட்ட வாய்ப்புண்ணுன்னு சொல்லுடி” என்றாள். சொல்லிவிட்டேன். அப்பா அன்றைக்கே ஹாலிஎலவிலிருந்து தேன் வரவழைத்தார். தினமும் கடை திறக்குமுன் அவரே விரலால் தொட்டு அவள் நாக்கில் தடவுகிறார். அவளும் எரிச்சலைக் காட்டாமல் வாயைத் திறக்கிறாள். நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது சாதம் இறங்குவதில்லை, கஞ்சிதான். சித்திரை வரை தாங்காது. நீங்கள் இதைக் கண்டதும் அப்பாவுக்குத் தந்தி அடியுங்கள், பண்டாரவளையில் ரயில் ஏற்றி உடனே கொழும்புக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைத் தட்டமாட்டார். நான் பொய் சொன்னேன் என்பதையும் தெரிவியுங்கள், அடி விழுந்தால் பட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கும் தனியாக நாலு வரி எழுதுங்கள் அண்ணா, அவள் எப்படிக் குழறினாலும் உங்கள் பெயர் உங்களுக்கு விளங்கும் என்று. நானே எழுதி, நீங்கள் எழுதியதாகப் படித்துக்காட்டலாமா என்றுகூட நினைத்தேன். இன்னொரு பொய்க் கடிதம் என்னால் முடியாது. கடைசியில் அவள் எப்போதும் சொல்லும் ஆசீர்வாதத்தையும் இந்தத் தடவை நான் எழுதவில்லை, அதை அவள் வாயால்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். அப்பாவாக இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்