ஆர்க்கிட் விளக்கில் விடைத்தாள் திருத்துகிறவருக்கு

வாத்தியாரே,

நான் காலை ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். நாலு நாளா நாம பேசிக்கறதில்லைங்கறதால எழுத வேண்டியிருக்கு.

ஹால்ல தொங்கற விளக்கு ஆர்க்கிட் செடிக்கு வாங்கினது. காலையில ஆறு மணிக்குத் தானா எரிஞ்சு, சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா அணையணும். அதுக்குத்தான் டைமர். அந்த டைமரைப் பிடுங்கிப் போட்டுட்டு, சோபாவுல சாஞ்சுக்கிட்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்த விளக்கு வெளிச்சத்துல பரீட்சைப் பேப்பர் திருத்தறது யாருன்னு நான் கேக்கல. இலை மேல சிவப்பு மை இருக்கு.

விளக்கை வேற கீழ இறக்கி வச்சிருக்கீங்க. உச்சி இலை கருகிப் போச்சு. உங்க ஸ்கேலால அளந்து, இலையிலேர்ந்து ஒரு அடி தள்ளி மேல ஏத்துங்க.

செடிக்கும் ராத்திரியில இருட்டு வேணும். மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு மொட்டு எட்டிப் பாக்குது. உங்க கோபத்துல அதையும் உதிர்த்துடாதீங்க.

ரூம்ல லைட் எரிஞ்சா எனக்குத் தூக்கம் வராதுன்னு சொன்னேன், வாஸ்தவம்தான். அதுக்காகத் தலையணையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குக் குடிபோகச் சொல்லல.

சாவியை மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க.

இன்னொண்ணு. கட்டில்ல உங்க பக்கம் ஒரு மேசை விளக்கு வாங்கி வச்சிருக்கேன். பேப்பரை அங்க வச்சுத் திருத்துங்க. செடிக்காகத்தான் சொல்றேன்.

வேற இடமில்லை, ஓரத்துல எழுதறேன்: நாலு நாளா எனக்கு இருட்டுலயும் தூக்கம் வரல.